செரண்டிபிட்டி

தேடாத நல்லது ஒன்று எதிரே வந்து நிற்பதைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இலங்கை ஒளிந்திருக்கிறது. அரபு, பாரசீக வணிகர்கள் இலங்கையைச் ‘சரந்தீப்’ என்றார்கள். ‘சிம்ஹல த்வீப’ என்ற வடசொல்லின் திரிபு அது என்பதே பெரும்பாலோர் கருத்து. ‘சேரன் தீவு’ என்று பிரிப்பவர்களும் உண்டு; கேட்க இனிக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லை உருவாக்கியவர் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல். 1754 ஜனவரி 28 அன்று நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் கதையிலிருந்து இதை எடுத்ததாகச் சொல்கிறார். 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சான கதை அது. காணாமற்போன ஒட்டகத்தை இளவரசர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பாதையின் ஒரு பக்கப் புல் மட்டும் மேயப்பட்டிருந்ததால் அதற்கு ஒரு கண் குருடு என்றும், மூன்று குளம்படிகளோடு ஓர் இழுவைத் தடம் தெரிந்ததால் நொண்டி என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

வால்போல் தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்தே இச்சொல்லில் வைத்தார். இன்றைய பேச்சில் அந்தப் பாதி உதிர்ந்துவிட்டது. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்பது வெறும் அதிர்ஷ்டம். 1928இல் பாக்டீரியா ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் பூஞ்சை பூத்ததும் அதிர்ஷ்டம்தான். அதைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்திருப்பதைக் கவனித்தாரே, அதுதான் செரண்டிபிட்டி. ‘தற்செயல்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் ஃபிளெமிங் விடுபட்டுப்போகிறார். ‘தற்செயல் கண்டடைவு’ சற்று நீளம்தான், ஆனாலும் பரவாயில்லை.