வட்டாரம் எனப்படுவது எது? – மும்பையின் மூன்று பகுதிகளில் அறிவியலுக்கான அரசு ஆதரவு

1. முன்னுரை

'வட்டாரம்' என்னும் சொல்லை மொழியியலார் ஒரு பொருளிலும் ஆட்சித் துறையினர் பிறிதொரு பொருளிலும் ஆள்கின்றனர். கிளைமொழி ஆய்வில் வட்டாரம் என்பது ஒரு சொல்லோ ஒலியோ வழங்கும் பரப்பாகும். அதன் எல்லையை மக்களின் பேச்சே வரைகிறது. மக்கள் இடம்பெயர்ந்தால் எல்லையும் உடன் பெயர்கிறது. ஆட்சித் துறையிலோ வட்டாரம் என்பது மாவட்டம், மாநிலம் என அரசாணையால் வரையறுக்கப்பட்ட நிலப்பகுதி. 'வட்டார அறிவியல் தொழில்நுட்ப வளர்ச்சிக்கு அரசு ஆதரவு' என்னும் தொடர் திட்ட அறிக்கைகளில் வரும்போது, இவ்விரு பொருள்களுள் எது கொள்ளப்படுகிறது என்பது ஆராயத்தக்கது. பொருளைப் பொறுத்தே ஆதரவு பெறுவோர் யார், பெறாதோர் யார் என்பது முடிவாகிறது.

மும்பையில் அண்மை அண்மையாக அமைந்த மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கம். மூன்றிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அரசு ஆதரவு பெற்ற ஆய்வு நிறுவனங்கள் இரு பகுதிகளில் எழுந்தன. நடுவிலுள்ள தாராவியில் தொழிற்கூடங்கள் பெருகின, ஆய்வுக்கூடம் எழவில்லை.

2. விளைபொருளால் வரையப்பட்ட வட்டாரம்

விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் 1887இல் தொடங்கப்பெற்று, 1923இல் பைகுல்லாவிலிருந்து மாட்டுங்காவிற்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1924இல், இந்திய மையப் பருத்திக் குழுவின் தொழில்நுட்ப ஆய்வகம் மாட்டுங்காவில் நிறுவப்பட்டது. இவ்வாய்வகம் தோன்றிய முறை தனியே நோக்கத்தக்கது. 1921இல் அமைக்கப்பட்ட அக்குழுவில் உழவர், வணிகர், ஆலை உரிமையாளர், மாகாண வேளாண்மைத் துறையினர் ஆகியோரின் சார்பாளர் இடம்பெற்றனர். 1923ஆம் ஆண்டுப் பருத்தி வரிச் சட்டத்தின்படி, ஆலைகள் நுகர்ந்த பருத்தியின் மீதும் ஏற்றுமதியான பருத்தியின் மீதும் சிறுவரி விதிக்கப்பட்டது. அவ்வருவாயே ஆய்வகத்திற்கும், மாகாணங்களில் நடந்த பருத்திப் பயிர்ப் பெருக்கத் திட்டங்களுக்கும் நிதியாயிற்று. பொருள் ஈட்டிய பயன், அப்பொருளைப் பற்றிய ஆய்வுக்கே திரும்பியது எனலாம்.

ஆய்வகத்தின் பணி எளிய நெறி ஒன்றைப் பின்பற்றியது. பயிர்ப் பெருக்க நிலையங்கள் புதிய வகைப் பருத்தியைச் சிறிதளவு அனுப்பும். ஆய்வகம் இழை நீளம், வலிமை முதலியவற்றை அளந்து, நூலாக நூற்றுப் பார்த்து, அவ்வகை எத்தனையாம் எண் நூலுக்கு ஏற்றது என்று தெரிவிக்கும். அம்முடிவைக் கொண்டு எவ்வகையைப் பரப்புவது என்பதை வேளாண்மைத் துறையினர் தீர்மானிப்பர். கோயம்புத்தூர்ப் பகுதியின் கம்போடியாப் பருத்தியும், திருநெல்வேலிக் கரிசல் நிலத்தின் கருங்கண்ணியும் இவ்வாறு மாட்டுங்காவில் நூற்கப்பட்டவையே.

இங்கு மொழி சார்ந்த செய்தி ஒன்று கவனத்திற்குரியது. கருங்கண்ணி, உப்பம் என்பன உழவர் வழங்கிய பெயர்கள். அவை பயிர்ப் பெருக்க நிலையங்களின் பதிவேடுகளில் அப்படியே ஏறின. கோவில்பட்டி நிலையம் வெளியிட்ட கருங்கண்ணி வகைகள் அப்பெயரோடு எண்ணும் பெற்று ஆங்கில ஆய்வறிக்கைகளிலும் வழங்கின. பின்னர் எழுந்த எம்.சி.யு. வரிசையில் மதராசு, கம்போடியா, உகாண்டா என்னும் மூன்று இடப்பெயர்களின் முதலெழுத்துகள் நிற்கின்றன. வயலிலிருந்து ஆய்வகத்திற்கும் அங்கிருந்து வயலுக்கும் வழி திறந்திருந்ததனால், சொல்லும் அவ்வழியே சென்றது. ஆதரவின் எல்லையை வரைந்தது மாகாணமன்று. பருத்தி விளைந்த நிலமெல்லாம் ஒரே வட்டாரமாகக் கொள்ளப்பட்டது.

பருத்திக் குழு 1966இல் கலைக்கப்பட்டு, ஆய்வகம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் வந்தது. 1991இல் மையப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

3. ஆலைத் தொழிலும் பல்கலைக்கழகமும்

பம்பாய் மாகாண அரசு 1921இல் அமைத்த தொழில்நுட்பக் கல்விக் குழுவிற்கு விசுவேசுவரையா தலைமை தாங்கினார். உயர் தொழில்நுட்பக் கல்விக்கான வேட்கை அக்காலத்திலேயே மாகாணத்தில் வலுப்பெற்றிருந்தது என்பதற்கு அக்குழு சான்று. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் வேதியியல் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது. நெசவு வேதியியலும் வேதிப் பொறியியலும் அதன் தொடக்கப் பாடப்பிரிவுகள். கொடையாளர் பலரின் உதவியால் மாட்டுங்காவில் கட்டடம் எழுந்தது. 1943இல் துறை அங்குக் குடிபுகுந்தது. 2008இல் அது வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பெயரோடு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

இத்துறையின் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் 1901இல் பிறந்த கிருஷ்ணசாமி வேங்கடராமன். 1938இல் பொறுப்பேற்று, 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராகச் செல்லும்வரை அவர் இங்குப் பணியாற்றினார். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றிய அவருடைய பெருந்தொகுதிகள் உலகெங்கும் பயிலப்பட்டன. ஆலைகளுக்குச் சாயம் தேவைப்பட்டது; பல்கலைக்கழகம் சாயத்தை ஆராய்ந்தது. இங்கு வட்டாரம் என்பது ஆலைத் தொழிலின் தேவையால் வரையப்பட்டது. கேட்கும் ஆற்றல் ஆலை உரிமையாளருக்கு இருந்தது. ஆங்கிலத்தில் கேட்கவும் அவர்களால் இயன்றது.

4. செம்பூரை அடுத்த டிராம்பே

செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிறுவனம் உருப்பெற்றது. 1956 ஆகசுடு 4ஆம் நாள் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1957இல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டு நாடெங்குமிருந்து பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தமிழகத்துப் பட்டதாரிகள் பலர் இவ்வழியே டிராம்பேக்கு வந்தனர். 1967இல் இந்நிறுவனம் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. இங்கு வட்டாரம் என்னும் கருத்துக்கே இடமில்லை. நாடு முழுவதும் ஒரே களம், ஆங்கிலமே அதன் மொழி. மாட்டுங்காப் பருத்தி ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கியவரும், காவெண்டிசு ஆய்வகத்தில் ரூதர்ஃபோர்டிடம் பயின்றவருமான நசீர் அகமது, பிற்காலத்தில் பாகிஸ்தான் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார். பருத்தியிலிருந்து அணுவரை அரசறிவியல் அக்காலத்தில் எத்துணை நெருங்கிய வட்டத்துள் இயங்கிற்று என்பதை இது காட்டும்.

ஆயினும் டிராம்பேயிலும் மண்ணை நோக்கித் திரும்பிய பணி உண்டு. கதிரியக்கத்தால் விதையில் மாற்றம் விளைவித்துப் புதிய பயிர் வகைகள் உருவாக்கப்பட்டன. அகோலா வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 1985இல் மகாராட்டிரத்திற்கென வெளியிடப்பட்ட உளுந்து வகைக்குப் பெயர் டி.ஏ.யு.-1. டிராம்பே, அகோலா, உளுந்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லாகிய உடீத் ஆகிய மூன்றும் அப்பெயரில் அடங்கும். கருங்கண்ணியில் கண்ட அதே நெறியை இங்கும் காண்கிறோம். ஆய்வகத்திற்கும் உழவருக்கும் இடையே வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்று நின்றபோது, வட்டாரத்தின் பெயரும் விதையோடு சென்றது.

5. தாராவி: தோலும் அதன் சொற்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பகுதியினர் தாராவிக்கு வரலாயினர். தோல் பதனிடும் கூடங்களைத் தமிழ் முசுலிம்கள் நடத்தினர். ஆதிதிராவிடத் தொழிலாளர் அவற்றில் உழைத்தனர். திருநெல்வேலியின் கருங்கண்ணி மாட்டுங்காவில் நூற்கப்பட்ட அதே காலத்தில், திருநெல்வேலியின் மக்கள் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் தோல் பதனிட்டு வந்தனர். பருத்தியின் பெயர் ஆய்வறிக்கையில் ஏறியது. இவர்களின் தொழிற்சொற்களுக்கு அத்தகைய பதிவேடு வாய்க்கவில்லை.

தோல் பதனிடுதல் நுண்ணிய வேதியியல் அறிவைச் சார்ந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்குதல், ஒட்டிய சதையைச் சீவுதல், ஆவாரம்பட்டைச் சாற்றில் படிப்படியாகச் செறிவை உயர்த்தி ஊறவைத்தல், இறுதியில் கடுக்காய் கொண்டு நிறத்தை நிலைப்படுத்துதல் என அதன் படிகள் பல. சாற்றின் செறிவையும் ஊறும் காலத்தையும் கண்ணாலும் கையாலும் அறிந்தவர் இத்தொழிலாளர். இம்முறையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' எனும் பெயரில் இலண்டன் சந்தையை அடைந்தது. வணிக ஆங்கிலத்தில் இம்மரப்பட்டைக்கு இரு பெயர்கள் வழங்கின: சென்னை மாகாணத்திலிருந்து 'அவரம்', பம்பாய் மாகாணத்திலிருந்து 'டுர்வாட்'. முன்னது தமிழ் ஆவாரம்; பின்னது மராத்தித் தரவட். ஒரே செடி இரு மாகாணங்களின் வழியாக இரு சொல்லாயிற்று. தாராவிக்கு வந்த தமிழ்த் தொழிலாளி இவ்விரு சொற்களும் சந்திக்கும் இடத்தில் நின்றான்.

தோலுக்கு அரசு ஆதரவு அளித்த முன்மாதிரி சென்னை மாகாணத்தில் இருந்தது. குரோமியம் கொண்டு பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 முதல் அரசுச் செலவில் சோதித்தார். தனியார் தொழிலோடு அரசு போட்டியிடலாகாது என்னும் எதிர்ப்பு எழ, 1910இல் இந்திய அமைச்சர் மார்லி அம்முயற்சிக்குத் தடை விதித்தார். விடுதலைக்குப் பின் 1948இல் மைய அரசு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவ முற்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழில் அதனால் பயன் கண்டது.

தாராவியில் நிகழ்ந்தது வேறு. மாட்டுங்காவில் எழுந்த மூன்று நிறுவனங்களுள் ஒன்றும் தோலுக்கென எழுந்ததன்று. 1971இல் பாந்திரா இறைச்சிக் கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்டபின், தாராவியின் பதனிடும் கூடங்கள் காலப்போக்கில் இடம்பெயர்ந்தன அல்லது மூடப்பட்டன. தோற்பொருள் செய்யும் தொழில் நிலைத்தது. பதனிடும் அறிவு கைமாற வழியின்றித் தேய்ந்தது. 1985இல் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயின் ஒரு பகுதி தாராவிக்கு வந்தது. அது குடியிருப்புக்கும் அடிப்படை வசதிகளுக்கும் உரிய நிதி. தேவையான நிதியே எனினும், தாராவியை அரசு எந்தத் துறையின் கண்கொண்டு நோக்கியது என்பதை அது உணர்த்துகிறது.

6. மாநில எல்லையும் அறிவின் எல்லையும்

மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 1971இல் அமைந்தது. அதன் பின்னர் மாநிலங்கள் தத்தமக்கென அறிவியல் தொழில்நுட்ப மன்றங்களை ஏற்படுத்தின. தமிழ்நாட்டு மன்றம் 1984இல் தோன்றியது. மகாராட்டிரம் 2004இல் இராசீவ் காந்தி அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தை அமைத்தது. மராத்தியில் அறிவியலைப் பரப்ப 1966இல் தோன்றிய மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் இல்லம், சயானுக்கும் செம்பூருக்கும் இடையிலுள்ள சுனாபட்டியில்தான் உள்ளது. இவையெல்லாம் பாராட்டத்தக்க முயற்சிகள். எனினும் ஒவ்வொன்றும் ஒரு மாநிலத்தையோ அம்மாநிலத்தின் மொழியையோ எல்லையாகக் கொண்டது. தமிழ்நாட்டு மன்றத்திற்குத் தாராவி அயல் மாநிலம். மகாராட்டிரத்தின் மொழிவழி அறிவியல் முயற்சிக்குத் தாராவித் தொழிலாளியின் தமிழ் அயல்மொழி. இரண்டிற்கும் இடையே ஒரு தொழில் மரபு நழுவியது.

மொழி இல்லாமையால் இந்நிலை வந்ததன்று. தாராவியின் முதல் பள்ளி 1924இல் தொடங்கிய தமிழ்ப் பள்ளியே என்பர். பருத்தி ஆய்வகம் எழுந்த ஆண்டும் அதுவே. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்துள்ளது. எழுத்தறிவிற்குத் தமிழில் வழி செய்த அரசு, தொழிலறிவிற்கும் அதே மொழியில் வழி செய்திருக்க இயலும். கலைச்சொல்லாக்கம் என்றாலே ஆங்கிலச் சொல்லுக்கு நிகர் படைப்பது என்று நாம் பழகிவிட்டோம். முன்பே வழங்கும் தொழிற்சொல்லைத் திரட்டி, அதன் பொருளை ஆய்வகத்தின் அளவைகளோடு பொருத்திக் காட்டுவதும் கலைச்சொல்லாக்கமே. கருங்கண்ணிக்கு இது நிகழ்ந்தது. ஆவாரம்பட்டைக் குழிக்கு நிகழவில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பெறப்படுவது இது. விளைபொருளை எல்லையாகக் கொண்ட ஆதரவு உழவரின் சொல்லையும் உடன் ஏற்றது. ஆலைத் தேவையை எல்லையாகக் கொண்ட ஆதரவு உயர்ந்த வேதியியலை வளர்த்தது. நாட்டை எல்லையாகக் கொண்ட ஆதரவு, வட்டார நிறுவனத்தோடு கைகோத்தபோது வயலை எட்டியது. மாநிலத்தை எல்லையாகக் கொண்ட ஆதரவோ, இடம்பெயர்ந்த தொழில் மரபை எட்டவில்லை.

தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்தை மகாராட்டிர அரசு 2004இல் வகுத்தது. 2022இல் அதன் ஒப்பந்தம் அதானி குழுமத்தின் வசமாயிற்று. இத்தகைய திட்டங்களில் கட்டடத்தின் பரப்பும் அது எழுந்த காலமும் உரிமைக்கு அளவுகோலாகின்றன. ஒரு தொழிற்கூடத்தில் எத்தகைய அறிவு உள்ளது, அது எம்மொழிச் சொற்களால் கைமாறுகிறது என்பதற்கு அவற்றில் இடமில்லை. கூடம் இடம் மாறினால் மீண்டும் கட்டலாம்; சொல் வழக்கிழந்தால், அது சுட்டிய செய்முறையும் உடன் மறையும். தோல், மட்பாண்டம், தையல் முதலிய தாராவித் தொழில்களின் சொற்களை அவற்றின் செய்முறை விளக்கத்தோடு தமிழ், மராத்தி, குசராத்தி, உருது ஆகிய மொழிகளில் தொகுப்பதற்கு மொழியியலாரும், மாட்டுங்காவின் தொழில்நுட்ப நிறுவனங்களும் இணைதல் வேண்டும். அதற்குத் தேவைப்படும் நிதி பெரிதன்று. அத்தொகுப்பை மொழித் துறையின் கணக்கில் வைக்காது, அறிவியல் ஆதரவின் கணக்கில் அரசு வைக்குமாயின், வட்டாரம் என்னும் சொல் ஆட்சியிலும் தன் முழுப்பொருளைப் பெறும்.