இசைத்தட்டில் பெய்த மழை

பழைய இசைத்தட்டில் குரல் மங்கலாகக் கேட்டால், அதைப் பாடகரின் உச்சரிப்பு இயல்பு என்றோ அக்காலப் பதிவின் குறை என்றோ எழுதிவிடுகிறோம். என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் அவ்வாறே எழுதியிருந்தேன். 1930களில் பதிவான ஒரு தட்டில் ஸகரம் தேய்ந்து ஒலிப்பதைக் கண்டு, அதைப் பாடகரின் வட்டாரக் கூறு என வகைப்படுத்தினேன். அப்பக்கத்தை இப்போது நீக்கிவிட்டேன்.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். மெழுகுத் தகடுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறின. அங்கு அச்சான தட்டுகள் இந்தியா திரும்பின. தட்டுகளுக்கு வேண்டிய அரக்கோ பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து சென்றது.

அரக்கைப் பூஞ்சை எளிதில் அழிக்காது. ஆயினும் தட்டு முழுவதும் அரக்கன்று. கல்தூள், கரித்தூள், பஞ்சிழை முதலியனவும் அதில் கலந்திருக்கும். அவற்றுள் தாவரப் பொருள்களில் பூஞ்சை பற்றும். ஈரம் நீடித்தால் தட்டு நொய்ந்துபோகும். ஊசி ஓடும்போதெல்லாம் நுண்தூள் உதிரும். உயர் அதிர்வெண்களைத் தாங்கும் நுண்ணிய வரிகளே முதலில் தேய்கின்றன. ஸகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால், இழப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

வீட்டுக் கருவியும் ஈரத்துக்குத் தப்பவில்லை. மின்முறைக் கருவிகள் பரவியபோது, ஊசியின் அதிர்வை மின்னாக்கப் பலவற்றில் ரோஷெல் உப்புப் படிகத்தைப் பொருத்தினர். அது நீரில் கரையும் உப்பு. மிகு ஈரத்தில் கசிந்து கெடும்; மிகு வறட்சியில் தன்னுள் உள்ள நீரை இழந்து கெடும். மழைக்காலமும் கோடையும் மாறி மாறி வரும் நாட்டில் இரண்டுமே தீங்கு. பின்னர் பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான்வகைப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

என் பிழை வெளிப்பட்டது இவ்வாறு: அதே பதிவெண் கொண்ட இன்னொரு படி, வறண்ட உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து கிடைத்தது. அதில் ஸகரம் தெளிவாக இருந்தது. முன்பு நான் கேட்டது கடலோர நகரில் இருந்த படி. வேறுபாட்டுக்கு ஈரம் எவ்வளவு காரணம், தேய்மானம் எவ்வளவு காரணம் என்பது தனிக் கேள்வி. பாடகரின் நா காரணமன்று என்பது மட்டும் உறுதி.

ஏட்டுச்சுவடி ஆய்வில் ஒரே படியை நம்பிப் பாடத்தை முடிவு செய்வதில்லை. ஒலி ஆவணத்துக்கும் அந்நெறி பொருந்தும். தட்டின் பதிவெண்ணோடு, அது எந்த ஊரில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதையும் குறித்து வையுங்கள்.