சுமப்பவர் யார்? கித்தான் கூரையின் கரையோர வரலாறு

பழங்காலப் பாணியில் கித்தான் துணியை வெட்டி, ஓரம் தைத்து, கம்பும் கயிறும் கொண்டு கூரை கட்டி அதனடியில் இரண்டு நாள் தங்குவது இன்று பல நாடுகளில் ஆர்வலர்களின் கைவேலையாக வளர்ந்திருக்கிறது. அவர்களில் பலர் முன்மாதிரியாகக் கொள்வது பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரரின் கூடாரத்தை, அல்லது வட அமெரிக்கக் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர்களின் துணிப்பந்தலை. காரைக்கால் கடலோரத்தில், கருக்களாச்சேரி போன்ற ஒரு மீனவ ஊரின் மணலில் அப்படி ஒன்றை அமைக்க விரும்புகிறவர் எதைப் பார்த்துச் செய்வது? அந்நிய மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. துணிக்கூரைக்கு இந்த நாட்டிலேயே நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை ஒரே கேள்வியைக் கொண்டு படிக்கலாம்: துணியைச் சுமந்தவர் யார்? அரசனுக்கும் படைக்கும் பிறர் சுமந்தார்கள். பெரிய துணி ஒன்றைத் தானே சுமந்து, தானே கட்டி, தானே பழுது பார்த்தவர் இந்தக் கரையில் கட்டுமரத்துக்காரர். ஆகவே இங்கே கித்தான் கூரை தைப்பவருக்கு நேரான முன்னோடி படைக்கூடாரம் அல்ல, பாய்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய சான்றிலிருந்து தொடங்குவோம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள் கொண்டது. அதில் வரும் பாசறை வருணனை பாசறையின் அமைப்பையே நம் முன் விரிக்கிறது. காட்டை வெட்டி முள்வேலி இட்ட பரந்த இடம். அதற்குள் தழை வேய்ந்த குடில்கள் வரிசையாக நின்று தெருக்கள் ஆகின்றன. விற்களை ஊன்றி, அம்பறாத்தூணிகளைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கட்டி இருப்பிடம் செய்கிறார்கள். நடுவே தனியாக, நெடிய கம்புகளில் துணித்திரையைச் சுற்றிக் கட்டிய அரசனின் இடம். அதற்குள் வலிய கயிற்றில் திரை இழுத்து இரண்டு அறையாகப் பிரித்த பள்ளி, அதைக் காக்க யவனர்கள். ஒரே பாசறைக்குள் இரண்டு வகைக் கூரை இருந்ததை இதில் காண்கிறோம். வீரர்களுக்குக் காட்டில் கிடைத்த தழை; அரசனுக்கு மட்டும் தலைநகரிலிருந்து கொண்டுவந்த துணி. தழையைச் சுமக்க வேண்டியதில்லை, போகும்போது விட்டுவிட்டுப் போகலாம். துணியை ஒவ்வொரு முறையும் சுருட்டி, வண்டியிலோ யானையிலோ ஏற்ற வேண்டும். அதற்கு ஆளும் விலங்கும் தீனியும் வேண்டும். துணிக்கூரை அரசனுக்கு உரியதாக இருந்ததற்குத் துணியின் விலை ஒரு காரணம் என்றால், அதைச் சுமக்கும் செலவு இன்னொரு காரணம்.

கடலோர ஊர்களிலும் இதே கணக்குதான். கருக்களாச்சேரிப் பகுதியில் வீட்டுக்கு வழக்கமான கூரையாக இருந்தவை கீற்றும் பனையோலையும். தென்னை மரம் கீற்றைத் தானே கொடுக்கிறது. ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டியிருந்தாலும் செலவு குறைவு, வெயிலுக்குக் குளிர்ச்சி. துணியோ கையால் நூற்றுத் தறியில் நெய்த உழைப்பு. இந்தக் கரையில் அது வெறும் உடையும் அல்ல, வணிகப் பொருள். 1739-இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் புதுச்சேரியிலிருந்து ஏற்றுமதி செய்த ‘கினே’ எனும் நீலத் துணி செனகலில் பிசின் வாங்குவதற்கு நாணயம் போலவே புழங்கியது. செலாவணியாகும் பொருளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் கூரையாகப் போட்டுக் கெடுக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. துணியைக் காற்றுக்குக் கொடுக்க ஒரு காரணம்தான் இருந்தது: அது படகை ஓட்டிப் பிழைப்பைத் தந்தது.

படைகளின் கதையும் இதையே சொல்கிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பணம் தேடித் தஞ்சாவூர் மீது படையெடுத்தார். வண்டி மாடும் உணவும் போதாமல் அந்தப் படை தத்தளித்தது. ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்கே திரும்பியது. படை நகர்வதென்றால் முதலில் சுமக்கும் மாடு வேண்டும் என்பதைக் காவிரிக் கழிமுகம் அன்று நேரில் கண்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆங்கிலேயரின் சென்னை ராணுவத்தில் கூடாரமே ஒரு கலகத்துக்குக் காரணம் ஆயிற்று. சிப்பாய்ப் படைப்பிரிவுகளுக்குக் கூடாரமும் அதைச் சுமக்கும் கால்நடையும் வைத்திருக்க, அந்தப் பிரிவுகளின் தலைமை அதிகாரிகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கப்பட்டது. படை நகர்ந்தாலும் நகராவிட்டாலும் தொகை வரும். ‘கூடார ஒப்பந்தம்’ என்றழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் அதிகாரியின் கடமையும் ஆதாயமும் எதிரெதிராக நிற்கின்றன என்று குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஜான் மன்றோ அறிக்கை அளித்தார். 1808-இல் ஒப்பந்தம் ரத்தானது. கொதித்தெழுந்த அதிகாரிகள் மன்றோ மீது விசாரணை கேட்டார்கள். தலைமைத் தளபதி மக்டோவல் அவரைக் கைது செய்தார், ஆளுநர் பார்லோ விடுவிக்கச் சொன்னார். 1809-இல் மசூலிப்பட்டணம், ஐதராபாத், சீரங்கப்பட்டணம் ஆகிய இடங்களில் வெள்ளை அதிகாரிகளே அரசுக்கு எதிராக நின்றார்கள். இந்தக் கலகத்துக்கு வேறு குறைகளும் காரணம் என்பது உண்மை. ஆனாலும் அது கூடாரப் பணத்திலிருந்து கிளம்பியது தற்செயல் அல்ல. தான் சுமக்காத கூரைக்குப் பிறர் பணத்தில் கணக்கு எழுதும் ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்று.

இனிப் பாய்க்கு வருவோம். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி வெளியிட்ட ஆய்வில் சோழமண்டலக் கட்டுமரத்துக்கு முக்கிய இடம் உண்டு. சில மரங்களைக் கயிற்றால் பிணைத்தது கட்டுமரம். கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர வைப்பார்கள். மரக்கம்பும் முக்கோணப் பாயும் தோளில் ஏறி வீட்டுக்குப் போகும். பாய் தைப்பதில் இருக்கும் அறிவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு துண்டுத் துணியைச் சேர்க்கும்போது ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, மடித்து, இரட்டைத் தையல் போட வேண்டும். அப்போதுதான் இழுவையில் தையல் பிரியாது. துணியை நேர் இழையில் இழுத்தால் தாங்கும், மூலைவாட்டில் இழுத்தால் நீளும். அதனால் இழுவையைத் துணிமேல் விடாமல், விளிம்போடு சேர்த்துத் தைத்த கயிற்றின்மேல் ஏற்றுவார்கள். கயிறு கட்டும் மூலைகளில் கூடுதல் துணி வைத்துத் தடிமனாக்குவார்கள். உப்பும் பூஞ்சையும் பருத்தியை அரிப்பதைத் தடுக்கப் பட்டைச் சாயமும் காய்ச் சாயமும் உதவின. பனிச்சங்காயின் துவர்ப்புச் சாற்றில் வலைகளைத் தோய்த்தது நம் கடலோரத்தில் நெடுநாள் வழக்கம். காற்றும் ஈரமும் துணியைத் தாக்கும் விதத்தை அன்றாடம் அனுபவித்தவர்கள் சேர்த்த அறிவு இது. மண்ணில் கட்டும் கூரையும் காற்றை எதிர்கொள்ளும் துணிதான் என்பதால், இதில் எதுவும் கடலோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. மீனவர்கள் பாயை வீடாகக் கட்டவில்லை, கீற்றுக்குக் கீழேதான் வாழ்ந்தார்கள், எனவே பாயிலிருந்து கூரை செய்து அதை மரபு என்பது பொய்யாகாதா? ‘எங்கள் முன்னோர் இப்படித்தான் தங்கினார்கள்’ என்று சொன்னால் நிச்சயம் பொய். அப்படிச் சொல்லக் கூடாது. அக்காலத்தில் அறிந்திருந்த பொருளும் முறையும் கொண்டு புதிதாகச் செய்தது என்று சொன்னால் அதில் மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த மறுப்பு வலுவானது. நெகிழித் தார்ப்பாய் மலிவு, லேசு, அழுகாது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2018 நவம்பரில் கஜா புயல் கீற்றுக்கூரைகளைப் பிய்த்தெறிந்த பிறகும் இந்தக் கரையில் மழையைத் தடுத்தது அதுதான். அந்த உதவியைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவசரத்துக்குத் தாங்குவதும் அதனடியில் வாழ்வதும் வேறு வேறு. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட தார்த்தகடு தற்காலிகக் குடியிருப்புகள் வெயிலில் உலையாகக் கொதித்ததையும் தீ அச்சம் இருந்ததையும் மக்கள் அப்போதே சொன்னார்கள். பருத்தி மூச்சு விடும். நனைந்தால் இழை உப்பிக் கண்கள் அடைபடுவதால் மழை உள்ளே இறங்காமல் வழிந்துபோகும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் குடும்பக் கூடாரம் இன்றும் பருத்தி-பாலியெஸ்டர் கலப்புத் துணியில் இரண்டு அடுக்காகத் தைக்கப்படுவதற்கு இதெல்லாம் காரணம்.

அந்த இரண்டு அடுக்கு விஷயத்தில் படைக்கூடாரத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மேல் துணிக்கும் உள்துணிக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி விடுவது இந்திய வெயிலுக்காக வளர்ந்த முறை. அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு, சுமைக்கு மாடு கேட்கும் பாரத்தை விட்டுவிடலாம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், சதுர மீட்டருக்கு 340 கிராம் எடையுள்ள கித்தான் ஏறக்குறைய மூன்று கிலோதான். ஒருவர் தோளில் போட்டு நடக்கலாம். அடுக்கு இரண்டு வேண்டுமென்றால் உள்துணியை மெல்லிய பருத்தியில் தைத்தால் போதும். விளிம்புக் கயிறு, தடித்த மூலைகள், இரட்டைத் தையல் மூன்றையும் பாயிலிருந்து எடுக்க வேண்டும். கம்புக்குச் சவுக்கு இருக்கிறது. மணலில் முளை நிற்காது. மணல் நிரப்பிய சாக்கையோ பலகையையோ குறுக்காகப் புதைத்து அதில் கயிறு கட்ட வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் வடகிழக்குப் பக்கம் கூரையைத் தாழ்த்தி, நிலப்பக்கம் திறந்துவிட வேண்டும். மழை வருவதற்கு முன் கட்டைச் சற்றுத் தளர்த்துவதும் அவசியம். நனைந்த துணியும் பருத்திக் கயிறும் சுருங்கும், தளர்த்தாவிட்டால் மூலை கிழியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாக உலர்த்தாமல் சுருட்டி வைக்கக் கூடாது. ஈரத்தோடு மடித்த பருத்தியை எந்தச் சாயமும் காப்பாற்றாது.

இவை சிறிய நுணுக்கங்கள்தான். ஆனால் 1980-களுக்குப் பிறகு எந்திரமும் கண்ணாடியிழைப் படகும் பரவியபோது இந்தக் கரையிலிருந்து பாயோடு சேர்ந்து விலகியவை இந்த நுணுக்கங்கள்தாம். எந்திரம் கடல் வேலையின் உயிரச்சத்தையும் உடலுழைப்பையும் குறைத்தது, அது நல்லதே. யாரும் மீனவரைப் பாய்க்குத் திரும்பச் சொல்ல முடியாது. ஆனால் பாய் தைக்கும் கையறிவு பயன்பாடு இல்லாமல் மறைந்துபோக வேண்டிய கட்டாயம் இல்லை. கடற்கரையில் தங்க வருகிறவர்களுக்காகக் கூரை தைக்கும் வேலை அதற்கு ஒரு புதிய பயன்பாடு ஆகலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பாயும் வலையும் கட்டிப் பழகிய மூத்த மீனவர்களிடம் கேட்டுத் தைக்க வேண்டும், அந்த அறிவுக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். பிறர் சுமந்த கூரைகளின் வரலாறு நமக்குக் கற்றுத் தரும் நேர்மை அதுதான்.