பேச்சாளர் கேட்ட ‘ஒரு லட்சம்’ 1,31,111 ரூபாய் ஆவது எப்படி? திருப்பதி, சித்தூரில் நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு கணக்கு

“ஆனுவல் டேக்கு ஒரு நல்ல ஸ்பீக்கரைப் பிடிச்சுடுங்க” என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பில் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வது, போனில் பேசி முடித்த நீங்கள்தான்.

திருப்பதி, சித்தூர் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இந்த அனுபவம் வந்திருக்கும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகள், ஐஐடி, ஐசர், வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், தனியார் கல்லூரிகள் என்று மேடைகளுக்குக் குறைவில்லை. சென்னையிலிருந்து திருப்பதி சுமார் 140 கிலோமீட்டர்தான். வேலூரிலிருந்து சித்தூர் இன்னும் பக்கம். அதனால் தமிழ்நாட்டுப் பேச்சாளரை அழைப்பது எளிது. கணக்கு மட்டும் அவ்வளவு எளிது இல்லை.

எந்த ஒரு லட்சம்?

ஜிஎஸ்டி பதிவு செய்த ஒருவர் “ஒரு லட்சம்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லுக்கு மூன்று அர்த்தம் உண்டு.

எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்றால், அதற்குள் 18% ஜிஎஸ்டி அடங்கிவிடும். உண்மையான கட்டணம் 84,746 ரூபாய். அதில் 10% டிடிஎஸ் பிடித்தால் பேச்சாளரிடம் மிஞ்சுவது சுமார் 76,271.

ஒரு லட்சம், ஜிஎஸ்டி தனி என்றால் உங்கள் செலவு 1,18,000. டிடிஎஸ் 10,000 பிடித்துக்கொண்டு 1,08,000 அனுப்ப வேண்டும். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால், டிடிஎஸ் கட்டணத்தின் மேல் மட்டும்தான். வரியின் மேல் இல்லை.

மூன்றாவதுதான் சிக்கல். “கையில ஒரு லட்சம் வந்துடணும்.” அப்படியென்றால் பில் தொகையை 1,11,111 ஆக்க வேண்டும். அதன் மேல் ஜிஎஸ்டி 20,000. மொத்தம் 1,31,111.

இந்த மூன்றாவது ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன். பிடித்த டிடிஎஸ் எங்கும் போய்விடுவதில்லை. அது பேச்சாளரின் பான் கணக்கில் சேர்கிறது. வருமான வரி தாக்கல் செய்யும்போது அவர் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் ரீஃபண்டும் வாங்கலாம். அவருடைய வருமான வரியை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? பணிவாகவே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவது கணக்குக்கு இறங்கி வருவார்கள்.

தொழில்முறைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 30,000. முன்பணம் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும். பான் எண் தராவிட்டால் 20%.

ஜிஎஸ்டி எண் இருக்கிறதா?

சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மாநில எல்லை தாண்டிப் போய்ப் பேசினாலும் இதுதான் விதி. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. பதிவு உள்ள சென்னைப் பேச்சாளர் திருப்பதி நிறுவனத்துக்கு பில் போட்டால் ஐஜிஎஸ்டி 18%. உள்ளூர்க்காரர் போட்டால் மத்திய வரி 9, மாநில வரி 9. கூட்டுத்தொகை ஒன்றேதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜிஎஸ்டி கட்டும் நிறுவனம், தொழில் சார்ந்த செலவு என்றால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். வரிவிலக்கு பெற்ற கல்லூரிக்கு அந்த வழி இல்லை, அது முழுச் செலவு. சின்னக் கல்லூரிக்கு, பதிவு தேவைப்படாத நல்ல உள்ளூர்ப் பேச்சாளர்தான் லாபம்.

யாரை அழைப்பது?

‘மோட்டிவேஷனல்’ என்ற சொல் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்தில் பேச்சுக்குக் கூட்டம் உண்டு. தமிழில் பட்டிமன்றம், அதை வீடு வீடாகக் கொண்டுபோன சாலமன் பாப்பையாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ. தெலுங்கில் அவதானம், அவதானி கரிகபாடி நரசிம்ம ராவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ. சொல்விளையாட்டை ரசிக்கும் சபைக்கு இரண்டுமே விருந்து. ஸ்ரீசிட்டி மாதிரி தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் கலந்து உட்கார்ந்திருக்கும் ஹாலில் பட்டிமன்ற ஜோக்குக்குப் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். சபையில் எந்த மொழி எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். பட்டிமன்றம் என்றால் கட்டணம் ஒருவருக்கா, குழுவுக்கா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று: டின்னருக்குப் பிறகு பேச்சு என்பது வெளிநாட்டு கிளப் வழக்கம். நம்ம ஊரில் சாப்பிட்டு முடித்தவர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். பேச்சை முதலில் வையுங்கள்.

வீடியோவை யூடியூபில் போடலாமா?

பணம் கொடுத்துவிட்டோமே என்று நினைக்க வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957 ‘நிகழ்த்துநர்’ என்று சொல்லும் பட்டியலில் நடிகர், பாடகர், பாம்பாட்டியோடு சொற்பொழிவாற்றுபவரும் இருக்கிறார். அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்யவோ வெளியிடவோ முடியாது. இந்த உரிமை 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். பொது மேடையில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளரும் பேசியவர்தான். எத்தனை நிமிடக் கிளிப், எந்தத் தளத்தில், எவ்வளவு காலம் என்பதை முன்பே மெயிலில் வாங்கிவிடுங்கள்.

அதே மெயிலில் முன்பணம், தேதி மாறினால் அது என்னவாகும், கார், அறை எல்லாம் வரட்டும். ஏஜென்ட் வழியாகப் போனால், பணம் அனுப்பும் முன் அந்தத் தேதி தன் டைரியில் இருக்கிறதா என்று பேச்சாளரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். புரட்டாசி பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி நாட்களில் திருப்பதியில் அறை கிடைப்பது கஷ்டம். நிகழ்ச்சியை அந்த வாரங்களில் வைக்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, திருப்பதிக்கே உரிய ஒரு கோரிக்கை வரும்: “குடும்பத்தோட வர்றேன், தரிசனத்துக்கு ஏற்பாடு பண்ணிடுங்க.” வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் தேவஸ்தானத்தின் தளத்தில் முன்கூட்டியே வெளியாகி, சீக்கிரமே தீர்ந்துவிடும். வருபவரின் அடையாள விவரம் கொடுத்துத்தான் பதிவு செய்ய முடியும். லிங்க்கை அனுப்பிவிட்டு, தேதியை மட்டும் சொல்லுங்கள்.