கடை வெளிச்சத்தில் தோற்ற டி.வி.

டி.வி. வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். சுவர் முழுக்கப் பத்திருபது டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் அதே கிளி, அதே அருவி. விற்பனைப் பையன் ஏதேதோ சொல்கிறான். நீங்களும் தலையாட்டிவிட்டு, கடைசியில் எதைக் காட்டி ‘அது என்ன விலை?’ என்பீர்கள்? இருப்பதிலேயே பளிச்சென்று தெரிவதைத்தானே! தப்பில்லை. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் கேட்டது. கேட்டுக் கேட்டே ஓர் அருமையான டி.வி.யைக் காலி பண்ணியும்விட்டது. அதன் பெயர் பிளாஸ்மா.

பிளாஸ்மா பிறந்தது சினிமா பார்க்க அல்ல, பாடம் படிக்க. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்றொரு கம்ப்யூட்டர் ஏற்பாடு. மாணவர்கள் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிக்சர் டியூபுக்கோ ஞாபகசக்தியே கிடையாது. போட்ட படத்தையே நொடிக்குப் பலமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்கு மெமரி வேண்டும். மெமரி அப்போது யானை விலை, குதிரை விலை!

1964-ல் டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ என்ற இருவரும், ராபர்ட் வில்சன் என்ற ஆராய்ச்சி மாணவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்ணாடிகளுக்கு நடுவே குட்டிக் குட்டி அறைகள், உள்ளே வாயு. மின்சாரத்தால் ஒரு தட்டு தட்டினால் அறை ஒளிரும். அணைக்கச் சொல்கிறவரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். ஞாபகம் திரைக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த மூவருக்கும் எம்மி விருது கிடைத்தது எப்போது தெரியுமா? 2002-ல்!

கலர் வந்து, பெரிதாகி, வீட்டுக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று. 1997-ல் அமெரிக்கக் கடைகளில் பிலிப்ஸ் வைத்த 42 அங்குல பிளாஸ்மாவின் விலை சுமார் 15,000 டாலர். அப்போது அந்தப் பணத்துக்குக் காரே வாங்கலாம்.

எதிராளி எல்.சி.டி.யின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. அது கேரட்டில் ஆரம்பிக்கிறது. 1888-ல் பிராக் நகரில் ரைனிட்ஸர் என்ற தாவரவியல் ஆசாமி, கேரட்டிலிருந்து எடுத்த கொழுப்புச் சரக்கு ஒன்றைச் சூடு பண்ணினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5-ல் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? மனிதர் குழம்பிப்போனார். நடுவே இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். எண்பது வருஷம் கழித்து, 1968-ல், அதை வைத்துப் படம் காட்டலாம் என்று அறிவித்தது அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆனால், பிக்சர் டியூபில் கொழித்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு இதில் அக்கறை ஏது? ஜப்பானின் ஷார்ப் பிடித்துக்கொண்டது. 1973-ல் கால்குலேட்டர், அப்புறம் லேப்டாப், அப்புறம் டி.வி.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். எல்.சி.டி.யில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்னால் திரவப் படிகம் கதவு மாதிரி திறந்து மூடும். அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது. அதனால் கறுப்பு, கறுப்பாக இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் கலர் வெளுக்கும். பந்து ஓடினால் வால் முளைக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்திருந்தால் ஜனங்கள் பிளாஸ்மாவைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். யார் கடையில் விளக்கை அணைக்கிறார்கள்? அத்தனை டியூப்லைட் வெளிச்சத்தில் பிளாஸ்மாவின் கறுப்பு, சாம்பல் பூசிக்கொண்டது. எல்.சி.டி. தகதகவென்று நின்றது.

பழி முழுவதும் கடை விளக்குக்கே என்று சொல்லமாட்டேன். பிளாஸ்மா கனம். கரன்ட்டை விழுங்கும். சேனல் சின்னம் திரையில் வடுவாகத் தங்கிவிடும் என்ற பயம் வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதன் அறைகளை ரொம்பச் சின்னதாக்க முடியவில்லை. லேப்டாப், மானிட்டர் என்று கோடிக்கணக்கில் தயாரித்து விலையைக் குறைத்துக்கொண்டே போனது எல்.சி.டி.

பயனியர் கம்பெனி 2007-ல் ‘குரோ’ என்று ஒரு பிளாஸ்மா கொண்டுவந்தது. ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று அர்த்தம். விமர்சகர்கள் சொக்கிப்போனார்கள். விற்கத்தான் இல்லை. 2009-ல் டி.வி. தொழிலையே விடுவதாக அறிவித்தது. 2013-ல் பானசோனிக்கும் கையைத் தூக்கியது. அது தயாரித்ததிலேயே உச்சம் என்று கொண்டாடப்பட்ட பிளாஸ்மா வந்ததும் அதே வருஷம்தான்! 2014-ல் சாம்சங், எல்.ஜி.யும் நிறுத்த, கதை முடிந்தது. ஜெயித்த பக்கமாவது சௌக்கியமா என்றால், ம்ஹூம்... எல்.சி.டி.யை வளர்த்த ஷார்ப், 2016-ல் தைவான்காரர்கள் கைக்குப் போனது.

‘எங்கள் வீட்டில் எல்.சி.டி. இல்லை சார், எல்.இ.டி.’ என்கிறீர்களா? அதுவும் எல்.சி.டி.தான். பின்னால் இருந்த குழல் விளக்குக்குப் பதில் குட்டி எல்.இ.டி. விளக்குகள், அவ்வளவே. கியூ.எல்.இ.டி.யும் அதே குடும்பம். ஓ.எல்.இ.டி. மட்டும் வேறு வம்சம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், பிளாஸ்மா மாதிரி!

பகலில் வெயில் அடிக்கிற ஹாலென்றால் எல்.சி.டி. வம்சமே போதும். ராத்திரி படம் பார்க்கிற ஆளென்றால், கடைக்குப் போகும்போது ஓர் இருட்டுக் காட்சியைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். ‘விவிட்’ என்றிருப்பதை ‘சினிமா’வுக்கு மாற்றச் சொல்லுங்கள். நேராக நின்று பாருங்கள். பக்கவாட்டில் நாலடி நகர்ந்தும் பாருங்கள். விற்பனைப் பையன் முறைப்பான். முறைக்கட்டுமே!