ஒருவழிக் கதவு என்று நான் சொல்லிக்கொடுத்த பாடம்



பிளஸ் டூ வகுப்பில் டயோடு நடத்தும்போது, "அது ஒருவழிக் கதவு. மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் தடுக்கும்" என்பேன். அது பாதி உண்மைதான். மீதியை எனக்குக் கற்றுத்தந்தவர் உங்களில் ஒருவர்.

தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் வீட்டுக் கலர் டிவி நின்றுபோனது. நானே கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளை பகுதியில் ஒரு டயோடு போயிருந்தது. ஆரணி கடைத்தெருவில் அதே வோல்ட், அதே ஆம்பியர் தாங்கும் சாதாரண டயோடு வாங்கிப் பற்றவைத்தேன். படம் வந்தது. பத்து நிமிடத்தில் புகையும் வந்தது.

ரிப்பேர் கடை வைத்திருந்த பழைய மாணவரிடம் கொண்டுபோனேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. சிரிக்காமல் கேட்டார்: "சார், நாடா வெளியே வர்றதுக்குள்ள மிதியை மாத்தினா என்ன ஆகும்?"

"பாவு அறுந்துபோகும்."

"அதேதான் சார். இங்க ஃபாஸ்ட் ரெக்கவரி டயோடுதான் போடணும்."

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். டயோடில் மின்சாரம் ஓடும்போது சந்திப்பில் மின்னூட்டங்கள் தேங்குகின்றன. மின்னழுத்தம் திசை மாறியதும் கதவு உடனே மூடாது. தேங்கியவை அகலும்வரை மின்சாரம் பின்னோக்கி ஓடும். அந்த நேரத்துக்குத்தான் மீள்நேரம் என்று பெயர். சாதாரண டயோடுக்கு இது பல மைக்ரோ நொடிகள்வரை ஆகலாம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20,000 மைக்ரோ நொடிகள். அங்கே இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் டிவியில் ஒரு கோடு வரைய 64 மைக்ரோ நொடிகள்தான். நொடிக்கு 15,625 கோடுகள். அதன் பவர் சப்ளையும் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னோக்கி ஓடினால் டயோடு சூடேறிக் கருகாமல் என்ன செய்யும்?

பழைய வால்வு டிவிகளில் இந்தத் தொல்லை இல்லை. வெற்றிடக் குழாயில் மின்னூட்டம் இப்படித் தேங்காது. சிலிக்கன் வந்தபோது கூடவே வந்த சிக்கல் இது. தீர்வாக, சிலிக்கனுக்குள் மிகச் சிறிதளவு தங்கம் அல்லது பிளாட்டினம் அணுக்களைச் சேர்த்தார்கள். தேங்கிய மின்னூட்டங்கள் அங்கே சீக்கிரம் இணைந்து மறைகின்றன. எஃப்ஆர் 107 என்ற டயோடு அதிகபட்சம் அரை மைக்ரோ நொடியில் மீள்கிறது. பார்வைக்குச் சாதாரண 4007 போலவேதான் இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். நம் ஜரிகையில் தங்கம் வெளியே மின்னும். இதில் உள்ளே ஒளிந்திருந்து வேலை செய்கிறது.

1975-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணம் வந்தது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவசக் கலர் டிவி திட்டத்தால் குழித்தறி இருக்கும் வீடுகளிலும் டிவி நுழைந்தது. பிறகு சிஎஃப்எல் விளக்கு, மின்வெட்டுக் காலத்து இன்வெர்ட்டர், இன்று செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு. வேகமாகத் திசை மாறும் இந்தச் சுற்றுகளிலெல்லாம் வேகமாக மூடும் டயோடுகளுக்கு வேலை உண்டு.

ஆகவே, வீட்டில் எதையாவது பழுதுபார்க்கும் பிள்ளைகளே, வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். மீள்நேரத்தையும் பாருங்கள். அன்று வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள். அந்த மாணவர் அன்று என்னிடம் டயோடுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்