பால் கடந்த பரமனும் பால் வேறுபட்ட மக்களும்

திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பாலுள்ள மன்னார்புரத்தினின்று வடக்கு நோக்கிச் செல்லும் அடியார்க்கு முதற்கண் சிராமலையும், காவிரியைக் கடந்த பின்னர்த் திருவானைக்காவும் எதிர்ப்படும். ஆண் பெண் என்னும் பாற்பகுப்பினைப் பற்றிச் சைவ நன்மக்கள் ஆழ்ந்து எண்ணுதற்குரிய செய்திகள் இவ்விரு தலங்களிலும் உள. திருநங்கையர், திருநம்பியர், தம் பாலினரையே விழையும் இயல்பினர் ஆகியோரைப் பற்றிய வினாக்கள் இக்காலத்து மன்றங்களிலும் மனைகளிலும் எழுந்துள்ளமையின், அவற்றைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்தல் நம் கடனாம்.

சிராமலைத் தலவரலாற்றைச் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் விரித்துரைக்கின்றது. வணிகர் குலத்து இரத்தினாவதி என்பாள் கருவுயிர்க்கும் காலத்தில், அவள் தாய் காவிரி வெள்ளத்தால் தடையுண்டு அக்கரையிலே நின்றுவிட, இறைவன் அத்தாயின் வடிவே கொண்டு எழுந்தருளி மகப்பேற்றுப் பணியனைத்தும் செய்தருளினன். தாயுமானவர் என்னும் திருநாமம் இதனால் அமைந்தது. திருவானைக்காவிலோ, நாடோறும் உச்சிக்காலத்தில் அகிலாண்டேசுவரியின் அருச்சகர் புடவை உடுத்து, முடி தரித்து, வாத்திய முழக்கத்துடன் சம்புகேசுவரர் திருமுன் சென்று இறைவற்கும் பசுவிற்கும் பூசனை ஆற்றுகின்றார். அன்னையே அங்ஙனம் வந்து வழிபடுகின்றாள் என்பது அன்பர் கொள்கை.

இவற்றைக் கொண்டு, இறைவனும் அருச்சகரும் திருநங்கையரை ஒப்பர் என்று கூறுதல் பொருந்தாது. முன்னது அருட்டிருமேனி, பின்னது வழிபாட்டு முறை. மாந்தரிடத்தே உடலமைப்பு ஒன்று; தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ உள்ளத்தே உணரும் உணர்வு ஒன்று; உடையும் நடையுமாகிய புறக்கோலம் ஒன்று; யார்மாட்டு விருப்பம் செல்லும் என்னும் நாட்டம் ஒன்று. இந்நான்கும் எல்லார்க்கும் ஒரே வகையில் இயைந்து வருவன அல்ல. ஆயினும், ஆண்கோலம் பெண்கோலம் என்னும் எல்லையை இறைவனே கடந்து நின்ற ஊரில் வாழ்வார், அவ்வெல்லையில் நிற்பாரை இகழ்தல் தகுமோ என்னும் வினா எழாதிராது.

இனி, நம் முன்னோர் இத்தகையாரை அறிந்திருந்தனர் என்பதற்கு இலக்கணமே சான்று. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை உயர்திணைக்கண்ணே வைத்து, அஃது ஆண்பாற் சொல்லோடு முடியாது என விதித்தார். பவணந்தியார் நன்னூலில், பெண்மை நீங்கி ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலிலும், ஆண்மை நீங்கிப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலிலும் அடக்கினார். உடலை நோக்காது அவாவினை நோக்கிப் பால் வகுத்த நுட்பம் வியக்கற்பாலது. ஆயின், அவ்விருவரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று அவரே உடன் கூறியிருத்தலையும் மறைத்தலாகாது. திருக்குறளும் அஞ்சுவார்க்குப் பேடியையே உவமை கூறுகின்றது. எனவே, பண்டைக்காலத்தில் அறிவும் இருந்தது. இகழ்ச்சியும் இருந்தது என்பதே உண்மை.

பிறப்பின் காரணம் பற்றியும் இருவேறு கருத்துக்கள் காணப்படுகின்றன. சமண முனிவர் பாடியதாகிய நாலடியார், பிறர்மனை நயவாமை என்னும் அதிகாரத்தில், முற்பிறப்பிற் பிறர் மனைவியரை விழைந்தாரே அலியாய்ப் பிறந்து ஆடி உண்பர் என்கின்றது. நம் திருமூல நாயனாரோ திருமந்திரத்து இரண்டாம் தந்திரத்திலே கருவின் உற்பத்தியைக் கூறுமிடத்து, தாய் தந்தையர் கூறுகள் மிகுதலும் ஒத்தலும் பற்றியே ஆணும் பெண்ணும் அலியும் உண்டாம் என்றனர். அவர் கூறிய முறை இக்கால உடற்கூற்று நூலோடு ஒவ்வாதாயினும், மூன்றனையும் ஒரு நிரையில் வைத்து இயற்கைக் காரணத்தையே கூறியமை கருதத்தக்கது.

அற்றேல், இவ்வுடம்பு வினைப்பயன் அன்றோ எனின், ஆம், வினைப்பயனே. ஆனால் ஆணுடம்பும் பெண்ணுடம்பும் அங்ஙனமே வினைப்பயன் என்பதை மறத்தல் கூடாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று தோற்றுவிக்கப்பட்டு, மலம் நீங்குதற்பொருட்டு இறைவனால் உயிர்கட்குக் கூட்டப்படுவன. சிவஞானபோத முதற் சூத்திரம் ஆண் பெண் அஃறிணை என்னும் முத்திறச் சுட்டால் உலகினைக் குறித்து, அது தோன்றி நின்று ஒடுங்குவது எனத் துணிந்தது. ஆகவே பால் என்பது தோன்றி மறையும் உலகின் பாற்பட்டது. உயிர்க்கு அஃது இயல்பன்று. ஓர் உயிர்க்கு இறைவன் அளித்த கருவியைப் பிறிதோர் உயிர் இகழுமாயின், இகழ்ந்தார்க்கே ஆகாமிய வினை ஏறும்.

இவ்விகழ்ச்சி சட்டமாக உருக்கொண்டது ஆங்கிலேயர் ஆட்சியில். 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானதென அவர் கருதிய கூட்டத்தைக் குற்றமாக்கிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் வடநாட்டில் இத்தகையாரைப் பதிவேட்டில் ஏற்றி, அவர் பெண்ணுடை உடுத்துப் பொதுவிடத்தில் தோன்றுதலையும் ஆடுதலையும் தண்டத்திற்குரியனவாக்கிற்று. ஆட்சி நீங்கிய பின்னரும் 377ஆம் பிரிவு நெடுங்காலம் நின்றது. வயது வந்தார் இருவர் மனமொத்து வாழ்தலை அது தண்டிக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6ஆம் நாளே. தன்பால் விழைவு நோயன்று என உலக நல்வாழ்வு நிறுவனம் 1990இலேயே தன் நோய்ப்பட்டியலினின்று நீக்கியிருந்தது.

மாற்றத்தில் தமிழகம் முற்பட்டது. 2008 ஏப்ரலில் இங்குத் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்சநீதிமன்றம், தம் பாலினைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை திருநர்க்கு உண்டு என்றது. இவ்வுரிமைகளைச் சட்டமாக்கும் பொருட்டுத் திருச்சி சிவா அவர்கள் கொணர்ந்த தனியுறுப்பினர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24இல் ஒருமனதாக ஏற்றது. தாயுமானவர் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு கொண்டவர் அதனைச் செய்தமை நினைந்து மகிழத்தக்கது. அம்மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை. அரசு கொணர்ந்த வேறொரு சட்டமே 2019இல் நிறைவேறிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்து மணமகள் என்னுஞ் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது.

2021ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று கற்றோர் சிறப்பாக நோக்கற்பாலது. ஒருவரையொருவர் விரும்பி வாழ முற்பட்ட பெண்கள் இருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இப்பொருளில் தமக்குத் தெளிவு போதாமையை உணர்ந்து, உளநூல் வல்லாரிடத்தே முதலில் கேட்டறிந்து, அதன் பின்னரே ஜூன் 7ஆம் நாள் ஆணையிட்டனர். இத்தகையாரின் இயல்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வது அவ்வாணையால் விலக்கப்பட்டது. தீர்ப்புரைக்கும் முன் கேட்டறிதல் அறிவுடையார் ஒழுக்கம் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

சைவ அன்பர்காள்! நம் மக்களுள் ஒருவர் வேறுபட்ட இயல்பினராதலை அறிந்த அன்றே மனைக்கதவம் அடைக்கப்படுதல் இன்றும் சில இல்லங்களில் நிகழ்கின்றது. வீடிழந்து, கல்வியிழந்து, கையேந்தித் திரியும் நிலைக்கு அவரைத் தள்ளியபின், அந்நிலையையே காட்டிப் பழித்தல் அறமாகுமோ? சட்டம் கதவைத் திறக்குமாறு பணிக்கலாம். உள்ளிருந்து வருக என்று அழைத்தல் பெற்றோர்க்கும் சுற்றத்தார்க்குமே உரியது. அவரைத் திருக்கோயிலில் இகழாது ஏற்றலும், திருமுறை வகுப்புக்களிற் சேர்த்தலும், அவர் கூறும் பெயரால் அவரை அழைத்தலும் நாம் இன்றே தொடங்கத்தக்க தொண்டுகள். தாய் வரவியலாத பெண்ணுக்குத் தானே தாயாய் வந்தவன் நம் பெருமான். தாயிருந்தும் தாயில்லாதாராய் நிற்பார்க்கு அவன் அடியவர் தாயாதலே அவனுக்கு உவப்பாகும்.

திருச்சிற்றம்பலம்.